நிர்வாகக் கோட்பாடுகளைப் பட்டியலாக மட்டும் கற்பிப்பது போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் குடிமைப் பணித் தேர்வர்களுக்காக வெளிவரும் பொது நிர்வாகப் பாடக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அலுவலக நிர்வாகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், இப்பாடத்தை எடுத்திருக்கும் இளைஞர்களுக்கு என்னால் இயன்ற அளவு சொல்லிக் கொடுத்து வருகிறேன். பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாத பலருக்கு அந்தப் பக்கம்தான் பாடநூலாக இருக்கிறது. வெட்டி எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். அவ்வளவு பேர் நம்பிப் படிக்கும் ஒன்றில் உள்ள குறையைச் சொல்லாமல் இருப்பது சரியாகாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நிர்வாகக் கோட்பாடுகள் அந்தக் குறிப்புகளில் பெயர், ஆண்டு, எண்ணிக்கை என்ற மூன்று தகவல்களாகச் சுருங்கிவிடுகின்றன. ஃபயோல், 1916, 14 கோட்பாடுகள். கூலிக், 1937, தலைமை நிர்வாகியின் 7 பணிகள். இவ்வாறே பட்டியல் நீள்கிறது. ஒரு கோட்பாடு எந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்தது, எந்த நிபந்தனைக்கு உட்பட்டுப் பொருந்தும், எந்த இடத்தில் மற்றொரு கோட்பாட்டோடு மோதும் என்பவற்றை விட்டுவிட்டுப் பெயரையும் எண்ணையும் மட்டும் மனப்பாடம் செய்தவரால், ஒரு சூழலைக் கொடுத்து ஆராயச் சொல்லும் வினாவுக்கு விடை எழுத முடிவதில்லை. தேர்வில் வென்று பொறுப்பில் அமர்ந்த பிறகு அந்த மனப்பாடம் இன்னும் குறைவாகவே கைகொடுக்கும்.

ஹென்றி ஃபயோலையே எடுத்துக்கொள்வோம். 1841இல் பிறந்த அவர் ஒரு சுரங்கப் பொறியாளர். 19ஆம் வயதில் பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1888இல், திவாலாகும் நிலையில் இருந்த அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1918இல் ஓய்வு பெற்றபோது அதை வலுவான நிலையில் விட்டுச் சென்றார். இருந்த வளங்களைக் கொண்டே, நிர்வாக முறையை மாற்றியதால்தான் அந்த மீட்சி சாத்தியமாயிற்று என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்த நீண்ட அனுபவத்திலிருந்து திரட்டிய பாடங்களையே 1916இல் வெளியிட்டார். அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு ஏதும் இல்லை என்பதையும், நிர்வாகத்தில் இறுகிப்போன விதி என்று எதுவும் கிடையாது, எல்லாமே அளவைப் பொறுத்தது என்பதையும் அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் 14 என்ற எண்ணைத் தேர்வர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க, அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு எதையும் அவர் தரவில்லை என்பதை மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள்.

படிநிலை பற்றி அவர் சொன்னதையும் நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். உச்சியில் உள்ளவர் முதல் கடைநிலைப் பணியாளர் வரை அதிகாரச் சங்கிலி அறுபடாமல் செல்ல வேண்டும் என்பது முதல் பாதி. அந்தச் சங்கிலியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், அருகருகே உள்ள இரு பிரிவுகளில் ஒரே மட்டத்தில் பணிபுரியும் இருவர் ஒரு சிறிய செய்தியைப் பரிமாறிக்கொள்ளக்கூட, கோப்பு உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டியிருக்கும். எனவே, இருவருடைய நேர் மேலதிகாரிகளும் ஒப்புதல் அளித்து, நடந்ததை அவர்களுக்கு உடனுக்குடன் தெரிவித்துவந்தால், அந்த இருவரும் நேரடியாகவே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அவர் ஒரு குறுக்குப் பாலத்துக்கு வழி வகுத்தார். இது இரண்டாம் பாதி. இந்தப் பாலத்தைத் தேவையின்றித் தவிர்ப்பவர் எவ்வாறு தவறு செய்கிறாரோ, அவ்வாறே காரணமின்றிப் படிநிலையை மீறுபவரும் தவறு செய்கிறார் என்ற சமநிலை அவரிடம் இருந்தது. அலுவலகத் தாமதத்தைப் பற்றிய எந்த வினாவுக்கும் இந்தப் பகுதி பயன்படும் என்றாலும், தங்கள் குறிப்பில் படிநிலைக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு வரிகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

கட்டுப்பாட்டு வீச்சு, அதாவது ஒரு மேலதிகாரி எத்தனை பேரை நேரடியாகக் கண்காணிக்க முடியும் என்ற கேள்வி, பட்டியல் முறைப் படிப்பு செய்யும் கேட்டை இன்னும் தெளிவாகக் காட்டும். பிரிட்டிஷ் நிர்வாகச் சிந்தனையாளர் லிண்டல் உர்விக் 5 அல்லது மிஞ்சினால் 6 பேர் என்றார் என்று எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. அவர் சொன்னது, ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு பின்னிப் பிணைந்திருக்கும் பணியாளர்களைப் பற்றி மட்டும்தான். அந்த நிபந்தனையை நீக்கிவிட்டால் கோட்பாடே வேறாகிவிடுகிறது. ஒரே மாதிரியான விண்ணப்பங்களைத் தனித்தனியாகச் சரிபார்க்கும் 20 எழுத்தர்களை ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு நாளும் ஒருவரையொருவர் கலந்து முடிவெடுக்க வேண்டிய 6 துறைத் தலைவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு ஒருவருடைய நேரம் போதாமல் போகலாம்.

இதற்கான கணக்கை 1933இல் நிர்வாக ஆலோசகர் கிரைகுனாஸ் போட்டுக் காட்டினார். மேலதிகாரிக்கும் பணியாளர்களுக்கும் இடையே தனித்தனியாகவும், குழுவாகவும், பணியாளர்களுக்குள்ளேயும் ஏற்படக்கூடிய உறவுகளையெல்லாம் சேர்த்தால், 4 பணியாளர்களுக்கு 44 உறவுகள், 5 பேருக்கு 100, 6 பேருக்கு 222 என்று அவை பெருகுகின்றன. ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்க்கும்போது சுமை ஓர் ஆளுக்கு உரிய அளவில் மட்டும் கூடுவதில்லை என்பதை இந்தக் கணக்கு நன்றாக உணர்த்துகிறது. எனினும் அது சாத்தியமான உறவுகளின் கணக்கு; அவற்றில் எத்தனை உண்மையில் நிகழ்கின்றன, எவ்வளவு அடிக்கடி நிகழ்கின்றன என்பதை அது அளப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதும் தேர்வருடைய விடைத்தாள் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும்.

வீச்சைக் குறுக்குவதற்கும் ஒரு விலை உண்டு. கடைநிலையில் 729 பேர் பணிபுரியும் ஓர் அமைப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொரு மேலதிகாரியின் கீழும் 3 பேர் என்று வைத்தால் அவர்களுக்கு மேலே 6 மட்டங்களும், மொத்தம் 364 மேலதிகாரிகளும் தேவைப்படுவார்கள். ஒருவரின் கீழ் 9 பேர் என்று வைத்தால் 3 மட்டங்களும் 91 மேலதிகாரிகளும் போதும். முதல் அமைப்பில் கண்காணிப்பு நெருக்கமாக இருக்கும். ஆனால் கீழிருந்து புறப்படும் ஒரு கோரிக்கை 6 மேசைகளைக் கடந்தாக வேண்டும். இரண்டாவதில் கோப்பு விரைவாக நகரும். ஆனால் ஒவ்வொரு மேலதிகாரியின் கவனமும் மூன்று மடங்கு பேருக்குப் பிரிந்து போகும். இந்த இரண்டில் எது மேல் என்பதைக் கோட்பாட்டால் சொல்ல முடியாது; வேலையின் இயல்பும், பணியாளர்களின் தேர்ச்சியும், அவர்கள் பணிபுரியும் இடங்களுக்கு இடையே உள்ள தொலைவும்தான் சொல்லும்.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தொடுத்த தாக்குதலின் சாரமும் இதுவே. மேலதிகாரியின் கீழ் உள்ளவர்களைக் குறைத்தால் திறன் கூடும் என்கிறது ஒரு கோட்பாடு. மட்டங்களைக் குறைத்தால் திறன் கூடும் என்கிறது மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க முடியாது. நிர்வாகக் கோட்பாடுகள் பழமொழிகளைப் போல எதிரெதிர் இணைகளாக வருகின்றன, எதைத் தேர்வது என்பதற்கு அவற்றுக்குள் வழிகாட்டல் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். தேர்வர்கள் இதைச் ‘சைமன் கோட்பாடுகளை மறுத்தார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவை விதிகள் என்ற தகுதியை இழக்கின்றன என்றுதான் அவர் சொன்னார். ஓர் அமைப்பை வடிவமைக்கும்போதும் அதன் குறைகளை ஆராயும்போதும் கருத வேண்டிய அளவுகோல்களாக அவற்றுக்கு இடம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டார். ஒரு கோட்பாட்டைக் கூடுதலாகக் கடைப்பிடித்தால் வேறு எது குறையும் என்று எடை போடச் சொன்னார். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று முடியும் எந்த வினாவும் அச்சம் தராது.

இவ்வாறான மோதலுக்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு, கட்டளை ஒருமையும் சிறப்புத் தேர்ச்சியும். ஒரு பணியாளருக்கு ஒரே மேலதிகாரியிடமிருந்துதான் ஆணை வர வேண்டும் என்றார் ஃபயோல். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1903இல், அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெடரிக் டெய்லர் ஒரு தொழிலாளிக்கு அவரவர் துறையில் தேர்ந்த 8 மேற்பார்வையாளர்கள் வழிகாட்டலாம் என்று எழுதியிருந்தார். ஃபயோல் டெய்லரை மதித்தவர். இருந்தும் இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகவே மறுத்தார். இவர்கள் இருவரும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் வருகிறார்கள். ஆனால் இருவருக்கும் இடையே இருந்த இந்தப் பிணக்கைக் குறிப்புகள் சொல்வதில்லை.

நடைமுறையில் இந்தப் பிணக்கு ஒவ்வொரு வட்டார அலுவலகத்திலும் தலைகாட்டும். அங்கே பணிபுரியும் ஒரு பொறியாளர், வருகை, விடுப்பு, பணி ஒதுக்கீடு ஆகியவற்றில் அந்த வட்டாரத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர். கட்டுமானத் தரம் பற்றிய முடிவுகளில் தலைமையகத்தில் உள்ள தொழில்நுட்பத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர். குறித்த நாளுக்குள் பாலத்தைத் திறந்துவிட வேண்டும் என்று ஒருவரும், கான்கிரீட் உரிய வலிமையை எட்டும் வரை திறக்கக் கூடாது என்று மற்றவரும் ஆணையிட்டால் அவர் என்ன செய்வார்? கட்டளை ஒருமையை எழுத்தளவில் பின்பற்றினால் தொழில்நுட்பத் தலைவருக்கு அங்கே குரலே இராது. சிறப்புத் தேர்ச்சியை மட்டும் பார்த்தால் வட்டாரத் தலைவரால் எந்த வேலையையும் ஒருங்கிணைக்க முடியாது. இருவரும் ஆணையிடலாம், ஆனால் மோதல் வரும்போது எந்தப் பொருளில் யாருடைய சொல் இறுதியானது என்பது முன்கூட்டியே எழுத்தில் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிலைக்கக்கூடிய தீர்வு. கட்டளை ஒருமைக்கு இவ்வளவு குறுகிய பொருள் கொடுத்தால் அதை ஏற்கலாம் என்று சைமனும் கருதினார். கேள்வித்தாளில் இத்தகைய சூழல் வந்தால், கட்டளை ஒருமையின் வரையறையை எழுதிவிட்டு அமர்ந்திருப்பவருக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

அடுத்ததாக, எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான நிர்வாகத்துக்கும், பொது நிர்வாகம் எனப்படும் அரசு நிர்வாகத்துக்கும் உள்ள உறவு. கோட்பாடுகள் எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் என்பது ஃபயோலின் நம்பிக்கை. 1923இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த நிர்வாக அறிவியல் மாநாட்டில் அரசு நிர்வாகத்துக்கும் அவற்றைப் பொருத்திப் பேசினார். திட்டமிடல், ஒருங்கிணைப்பு, பணியாளர் நியமனம் போன்றவற்றில் அவர் சொன்னதில் உண்மை உண்டு. கூலிக் 1937இல் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த போஸ்ட்கார்ப் (POSDCORB) என்ற சொல்லுக்குள் அடக்கிய 7 பணிகளும் எந்தத் தலைமை நிர்வாகியின் மேசையிலும் காணக்கூடியவையே. ஒரு தலைமை நிர்வாகி என்ன வேலை செய்கிறார் என்ற கேள்விக்குத்தான் அவர் அந்தச் சொல்லை விடையாகத் தந்தார். அதைப் பொது நிர்வாகத்தின் வரையறையாகவே மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். காவல், கல்வி, நலவாழ்வு போன்ற துறைகளில் அந்தந்தப் பொருளைப் பற்றிய அறிவே நிர்வாகத்தின் மையம் என்பதை லூயிஸ் மெரியம் சுட்டிக்காட்டியதை அவர்கள் அறிய வாய்ப்பே தரப்படுவதில்லை.

அரசு நிர்வாகத்தை வேறுபடுத்துவது இலாப நோக்கின்மை மட்டும் என்று நிறுத்திக்கொள்வதும் போதாது. ஒரு தனியார் நிறுவனம் சட்டம் தடுக்காத எதையும் செய்து பார்க்கலாம். அரசு அலுவலர் தம் செயலுக்குச் சட்டத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். வணிகர் தம் நெடுநாள் வாடிக்கையாளருக்குச் சலுகை காட்டுவது நல்ல வணிகம். அதையே ஓர் அரசு அலுவலர் தமக்கு வேண்டியவருக்குச் செய்தால் அது பாகுபாடு. சேவை பிடிக்காத வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகலாம்; பிறப்புச் சான்றிதழுக்கு வேறு அலுவலகம் கிடையாது. ஆகவே திறன், சிக்கனம் என்ற இரண்டு அளவுகளோடு சமத்துவம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை ஆகியவற்றையும் சேர்த்தே அரசு நிர்வாகத்தை எடைபோட வேண்டியிருக்கிறது. திறனைக் கூட்டும் ஒரு நடவடிக்கை சமத்துவத்தைக் குறைக்குமானால் அதை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வி, பொதுவான நிர்வாகக் கோட்பாடுகளுக்கு வெளியே நிற்கிறது. நிர்வாகத்தை அறிவியல் என்று அழைப்பதற்கு முன் விழுமியங்களின் இடத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1947இல் வற்புறுத்தியது இதனால்தான்.

பொறுப்புடைமை பற்றிய பகுதியில் இன்னும் சற்று நின்று பேசலாம். ஒரு நிர்வாகி நேர்மையாக நடப்பதை உறுதிசெய்வது எது என்பது குறித்து 1940, 1941 ஆண்டுகளில் கார்ல் ஃப்ரீட்ரிக், ஹெர்மன் ஃபைனர் என்ற அரசியல் அறிஞர்கள் இருவருக்கும் இடையே ஒரு விவாதம் நடந்தது. நவீன அரசின் வேலைகள் அவ்வளவு நுட்பமானவையாகிவிட்டதால், நிர்வாகியின் தொழில் அறிவும் மக்களின் உணர்வை மதிக்கும் மனமுமே முதன்மையான காவல் என்றார் ஃப்ரீட்ரிக். மனச்சாட்சியை மட்டும் நம்புவது ஆபத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் வெளிக் கட்டுப்பாடுதான் உண்மையான காவல் என்றார் ஃபைனர். இருவரில் ஒருவரை வென்றவராக அறிவிக்க இன்றும் இயலவில்லை. வெளிக் கட்டுப்பாடு இல்லாத நிபுணர் எதேச்சாதிகாரியாகலாம். உள்ளார்ந்த பொறுப்புணர்வு இல்லாத நிர்வாகி, விதியில் எழுதப்படாத ஒரு நெருக்கடி வரும்போது கைகட்டி நிற்பார். அறநெறித் தாளுக்கும் பொது நிர்வாகத் தாளுக்கும் ஒருசேரப் பயன்படும் இந்த விவாதத்துக்கு ஒரு முழு வாரமே ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

வரலாற்றுப் பின்னணி இல்லாததால் ஏற்படும் பிழைகளையும் குறிப்பிட வேண்டும். அரசியலிலிருந்து நிர்வாகம் விலகி நிற்க வேண்டும் என்று பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான உட்ரோ வில்சன் 1887இல் எழுதியதை, நிர்வாகி அரசியலை அறியவே கூடாது என்ற பொருளில் மாணவர்கள் எழுதுகிறார்கள். கட்சிக்கு உழைத்தவர்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருந்த காலம் அது. பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். 1883இல் தகுதி அடிப்படையிலான நியமனத்துக்குப் பெண்டில்டன் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1854ஆம் ஆண்டு நார்த்கோட் – ட்ரெவெலியன் அறிக்கையே போட்டித் தேர்வு வழியான நியமனத்தைப் பரிந்துரைத்திருந்தது. தேர்வர்கள் இன்று எழுதத் தயாராகும் தேர்வு என்ற ஏற்பாடே இந்தச் சீர்திருத்தங்களின் தொடர்ச்சி என்பதை அறிந்தால், வில்சன் எதற்கு எதிராக எழுதினார் என்பது தானாக விளங்கும்.

ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபருக்கும் இதே அநீதி நடக்கிறது. படிநிலை, எழுத்து மூலமான கோப்புகள், தகுதி அடிப்படையிலான நியமனம், விதிகளின்படி நடத்தல் என்ற அவருடைய பட்டியலை எழுதி, அவர் அதிகார வர்க்கத்தின் ஆதரவாளர் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த அமைப்பின் திறனைப் போற்றிய அவரே, அது மனித சுதந்திரத்தை இறுக்கிப் பிடிக்கும் என்று கவலைப்பட்டவர். விதி என்னும் கருவி நாளடைவில் நோக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை 1940இல் அமெரிக்க சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கினார். இவ்விருவரையும் ஒரே பாடத்தில் சேர்த்துக் கற்பித்தால் போதும். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

ஆகவே தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. வாரந்தோறும் பல கோட்பாடுகளைத் தொகுத்துத் தருவதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பிறந்த சூழலையும், அதைச் சொன்னவரே அதற்கு விதித்த வரம்பையும், அதற்கு எதிராக நிற்கும் கருத்தையும், ஒரு நடைமுறைச் சூழலில் அது எவ்வாறு செயல்படும் என்பதையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கொள்குறி வினாக்களுக்கு ஆண்டும் பெயரும் தேவைதான். அவற்றைத் தனியாக ஒரு சிறு கட்டத்தில் தந்துவிடலாம். மாதிரி விடைகளை வெளியிடும்போது, ஒரே வினாவுக்கு இரு வேறு நிலைப்பாடுகளில் எழுதப்பட்ட இரண்டு விடைகளைத் தந்தால், ஒரே ‘சரியான’ விடையைத் தேடி மனப்பாடம் செய்யும் பழக்கம் குறையும். இடப் பற்றாக்குறை இருக்கும் என்பதை அறிவேன். பாடத்திட்டம் முடிய இன்னும் சில மாதங்கள் கூடுதலாக ஆனாலும், படிப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

அடுத்து வரவிருப்பதாக அறிவித்துள்ள அதிகார ஒப்படைப்புப் பகுதியிலிருந்தே இதைத் தொடங்கலாம். சான்றிதழில் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தம் உதவியாளரிடம் ஒப்படைத்த ஓர் அலுவலர், அந்த உதவியாளர் தகுதியற்ற ஒருவருக்குச் சான்றளித்துவிட்டதாகப் புகார் வரும்போது என்ன விளக்கம் தர வேண்டும் என்ற சூழலை வினாவாகத் தாருங்கள். அதிகாரத்தை ஒப்படைக்கலாம், இறுதிப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்ற வரியைத் தேர்வர்கள் எல்லாரும் எழுதிவிடுவார்கள். ஒப்படைத்தது எழுத்து மூலமாகவா, எந்த வரம்புக்குள், உதவியாளருக்கு உரிய பயிற்சி தரப்பட்டதா, இடையிடையே சரிபார்க்கும் ஏற்பாடு இருந்ததா, இனி ஒப்படைப்பையே நிறுத்திவிட்டால் காத்திருக்கும் விண்ணப்பதாரர்களின் நிலை என்னவாகும் என்பவற்றையெல்லாம் எத்தனை பேர் கேட்டு எழுதுகிறார்கள் என்று பாருங்கள். வரும் விடைகளில் சிலவற்றைத் திருத்தி, திருத்தத்துக்கான காரணத்தோடு மறு வாரம் வெளியிட்டால் என்னிடம் படிப்பவர்களும் பங்கெடுப்பார்கள். விடைகளைத் திருத்தும் பணியில் உதவ நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற நிர்வாக அலுவலர்